யோகாவுக்கு எந்த ஊர்?



முதுகுவலி, மூட்டுவலி என்று இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அடுத்த பதினைந்து நாளும் கடிதங்கள்தான். அவற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “ஒரு பத்து நாள் எங்காவது ஆசிரமத்தில் தங்கி, யோகாசனம் முறையாகக் கற்றுக்கொண்டு வர ஆசை. ரிஷிகேஷ் போகலாமா, மைசூர் போகலாமா, நம் பக்கத்திலேயே ஏதாவது இருக்கிறதா? எதுங்க நல்லது?”

கேள்வி சின்னதுதான். ஆனால் அந்தப் பத்து நாள் இருக்கிறதே, அது சின்னதில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் பிரசவம், கல்யாணம், சாவு இவற்றைத் தவிர வேறெதற்கும் வீட்டை விட்டு நகராதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தனக்கென்று பத்து நாள் கேட்டு, வீட்டில் சரி என்று சொல்ல வைத்து, கையில் கொஞ்சம் பணமும் சேர்வது ஒரு தடவைதான் நடக்கும். அந்த ஒரு தடவையைத் தவறான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, இன்னும் அதிக வலியோடு திரும்பி வந்தால், அடுத்த தடவை வாயே திறக்க முடியாது. “போனியே, என்ன ஆச்சு?” என்ற ஒரு வார்த்தை போதுமே! அதனால்தான் இந்தத் தடவை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் காஞ்சிபுரத்துக் காமாட்சி பத்மாசனத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளைச் சுற்றி வருகிற நாம், வீட்டுக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் நாற்காலியை இழுக்கிறோம். தறிக்காரர் வீடுகளில் கேட்கவே வேண்டாம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, முன்னால் குனிந்தபடியே நாள் முழுக்க நெய்கிறார்கள் ஆண்கள். பெண்களும் நெய்கிறார்கள். நெய்யாத பெண்கள் ராட்டையை முன்னால் வைத்துக்கொண்டு தார் சுற்றுகிறார்கள். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை நூலில், கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். நடுவில் எழுந்தால் அடுப்படி. இப்படி வேலை செய்கிற உடம்புக்கு யோகாவில் எது வேண்டும், எது கூடாது என்பதுதான் முதல் கேள்வி. ஊர் அப்புறம்.

என்னைக் கேட்டால், யோகாவுக்கு வெளியூர் போகிறவர்களை மூன்று விதமாகப் பார்க்கலாம். உடம்பில் ஒரு வலி இருக்கிறது, அது போக வேண்டும் என்பவர்கள் ஒரு விதம். வலி பெரிதாக இல்லை, மனசும் உடம்பும் ஓய்ந்துபோய்விட்டது, ஒரு ஒழுங்கு வேண்டும் என்பவர்கள் இன்னொரு விதம். கங்கையையும் பார்த்த மாதிரி ஆச்சு, தியானமும் பண்ணின மாதிரி ஆச்சு என்று புண்ணியத்தையும் சேர்த்துக்கொள்பவர்கள் மூன்றாவது. மூன்றும் நல்ல ஆசைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே ஊர் சரிப்படாது.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது ரிஷிகேஷ். சிவானந்தர் ஆசிரமம் அங்கேதான். சுவாமி சிவானந்தர் நம் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887-ல் பிறந்தவர். மலேயாவில் டாக்டராக இருந்து, அதை விட்டுவிட்டுத் துறவியாகி ரிஷிகேஷ் போய், 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க ஆளுக்கொரு யோகா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அலைகிறார்களே, அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கோரைப்பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து போனவர் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். 1968-ல் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் அங்கே மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் வந்து தங்கியதிலிருந்து வெளிநாட்டார் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

ஊர் அழகு. கங்கை அழகு. ஆனால் பாருங்கள், சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள், அங்கிருந்து இன்னும் அரை நாள். போக வர நாலு நாள் வண்டியிலேயே போய்விடும். இடுப்புவலிக்காரிக்கு இது மருந்தா, புது வலியா? மார்கழி, தை மாதங்களில் குளிர் நம் உடம்புக்கு ஒத்துவராது. ஆடி மாத வாக்கில் கங்காஜலம் எடுக்கக் காவடி தூக்கிக்கொண்டு வடநாட்டுப் பக்தர்கள் லட்சக்கணக்கில் வருவார்கள், ரோட்டில் கால் வைக்க முடியாது. சாப்பாடு சப்பாத்தி, பருப்பு. இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாள் ரசத்துக்கு நாக்கு ஏங்கும். இன்னொன்று, பழைய ஆசிரமங்களில் சில நீண்ட பயிற்சிகள் ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பதுண்டு. எழுதிக் கேட்காமல் கிளம்பக் கூடாது. க்ஷேத்திர யாத்திரையாக வீட்டுக்காரரோடு போங்கள், காலையில் கங்கைக் கரையில் உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி பண்ணுங்கள். வலியைக் குணப்படுத்திக்கொள்ள அவ்வளவு தூரம் வேண்டாம் என்பேன்.

அடுத்தது மைசூர். இதைப் பற்றித்தான் நம் பெண்கள் நிறையத் தெரிந்துகொள்ள வேண்டும். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ல் பிறந்தவர். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933-லிருந்து ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் என்று பிற்பாடு உலகப் புகழ் பெற்றவர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தான். இந்திரா தேவி என்ற வெளிநாட்டுப் பெண்மணி வந்து கேட்டபோது முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மகாராஜா எடுத்துச் சொன்ன பிறகு சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் பிறகு அமெரிக்கா போய்ப் பெரிய யோகா ஆசிரியை ஆனார். 1938-ல் எடுத்த ஊமைப் படம் ஒன்று இருக்கிறது. அதில் கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவி நாமகிரியம்மாளும் குழந்தைகளும் ஆசனம் போடுகிறார்கள். குடும்பத்துப் பெண் ஆசனம் போடலாமா என்று இன்னும் கேட்கிற மாமியார்களுக்கு அதைப் போட்டுக் காட்டலாம்!

இன்றைக்கு மைசூரில் பிரபலமாக இருப்பது பட்டாபி ஜோயிஸ் பரம்பரையில் வந்த வேகமான முறை. மூச்சோடு சேர்த்து ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போக வேண்டும். இளவயசுக்காரர்களுக்குச் சரி. நாற்பது வயதில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவர்களுக்கு அது முதல் பாடமாக இருக்கக் கூடாது. ஐயங்கார் 1975-ல் புனேயில் தொடங்கிய நிலையத்துக்கு மறைந்த தன் மனைவி ரமாமணியின் பெயரை வைத்தார். கயிறு, வார்ப்பட்டை, மரக்கட்டை, நாற்காலி எல்லாம் வைத்து, வளையாத உடம்பையும் மெல்ல வளைக்கிற முறை அது. அவர் மகள் கீதா பெண்களுக்காகவே ஒரு யோகாப் புத்தகம் எழுதியிருக்கிறார். இந்த முறையில் பயின்ற ஆசிரியர்கள் சென்னையிலும் உண்டு, புனே வரை போக வேண்டியதில்லை.

கிருஷ்ணமாச்சாரியாரே 1950-களில் சென்னைக்கு வந்துவிட்டார். நூறு வயது கடந்து 1989-ல் இங்கேதான் காலமானார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் சென்னை மந்தைவெளிப் பக்கம் இருக்கிறது. கும்பலாக நிறுத்தி எல்லோருக்கும் ஒரே ஆசனம் சொல்லிக்கொடுப்பது அவர்கள் முறையில்லை. வயசு, வியாதி, செய்கிற வேலை எல்லாம் விசாரித்து, உங்களுக்கென்று ஒரு பயிற்சியை வகுத்து, ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுப்பது. வலிக்காக யோகா தேடுகிறவர்களுக்கு இதுதான் வழி என்று நான் அடித்துச் சொல்வேன். தங்குகிற ஆசிரமம் இல்லை, உண்மைதான். ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி, இரண்டரை மணி நேரம். கையில் காசு குறைவு என்றால் அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் 2000-லிருந்து நடக்கின்றன. அங்கே அதற்கென்றே படித்த டாக்டர்கள் பார்க்கிறார்கள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு, போய் விசாரியுங்கள்.

என் நாத்தனார் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாகத் தார் சுற்றுகிறாள். கீழ்முதுகில் வலி ஆரம்பித்து இடது காலுக்கு இறங்கியது. ஸ்கேன் எடுத்ததில் தண்டுவடத்தில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார் டாக்டர். சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தாள். மகள் செல்போனில் ரிஷிகேஷ் படமாகக் காட்டிக் காட்டி, “அம்மா, இங்கேதான் போகணும்” என்று ஒரே பிடிவாதம். “அண்ணி, நான் எங்கதான் போறது?” என்று என்னிடம் வந்தாள். “முதல்லே வலியைக் கவனி. ஊர் பார்க்கிறது அப்புறம்” என்றேன். ஏனென்றால் டிஸ்க் பிதுங்கின முதுகோடு பொது வகுப்பில் போய் நின்று, எல்லோரும் குனிகிறார்களே என்று பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தானாசனமும் போட்டால் வலி இரட்டிப்பாகும். முன்னால் குனிந்து குனிந்து வந்த வலிக்கு இன்னும் குனிவதா மருந்து?

அவள் வீட்டுக்காரர் கேட்டது வேறு கேள்வி. “பத்து நாள் தார் யாரு சுத்துவாங்க?” கோபத்தில் கேட்கவில்லை. தார் இல்லாவிட்டால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். கோர்வைப் புடவை பாதியில் நின்றால் கூட நெய்கிற ஆளும் சும்மா உட்கார வேண்டும். நியாயமான கேள்விதானே? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பத்து நாள் சுற்றுக்கூலி கொடுப்பது என்று தீர்மானித்து, அந்தப் பணத்தையும் யோகாச் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டோம். ஆசிரமத்துக் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் ‘பரவாயில்லை, கட்டுப்படியாகும்’ என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். நாம் வீட்டில் செய்கிற வேலைக்கு விலை போட்டுப் பார்க்க அது ஒரு சந்தர்ப்பம்!

நாலு மாதம் வாரம் ஒரு நாள் சென்னைக்குப் போய்வந்து, தினம் இருபத்தைந்து நிமிஷம் வீட்டில் செய்தாள். கால்வலி விட்டது. இடுப்பில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதன் பிறகுதான் தங்கி வருகிற யோசனை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, புடவை அவசரமும் குறையும் என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

பக்கத்து ஊர்களில் என்ன இருக்கிறது என்று அப்போது தேடிப் பார்த்தேன். புதுச்சேரியில் கீதானந்தகிரி சுவாமிகள் 1968-ல் தொடங்கிய ஆனந்தாசிரமம் இருக்கிறது. அதன் பரம்பரையில் யோகாவையும் மருத்துவத்தையும் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள். ஜனவரி தொடக்கத்தில் புதுவை அரசு யோகாத் திருவிழாவும் நடத்துவது வழக்கம். ஆனால் ஒன்று. புதுச்சேரி என்றதும் அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போய் ஆசனம் எப்போது என்று கேட்கிறார்கள். அரவிந்தர் சொன்ன யோகத்தில் ஆசனம் முக்கியமில்லை. அது உள்மனசுச் சாதனை. அதே மாதிரிதான் திருவண்ணாமலை ரமணாசிரமமும். காஞ்சியிலிருந்து மூன்று, மூன்றரை மணியில் போய்விடலாம். 1896-ல் பதினாறு வயதுப் பையனாக வந்த ரமணர் கடைசி வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. அங்கே சும்மா இருப்பதுதான் பாடம். முன்கூட்டி எழுதிக் கேட்டால் சில நாள் தங்க இடம் கிடைக்கும். பௌர்ணமியை விட்டுவிடுங்கள், கிரிவலக் கூட்டம் தாங்காது. ஓய்ந்துபோன மனசுக்கு அதைப் போல் இடமில்லை. முதுகுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

திருமூலரும் பதஞ்சலியும் நம் பக்கத்தவர்கள்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். பதஞ்சலி தில்லையில் நடராஜர் ஆட்டத்தைக் கண்டார் என்பது ஐதீகம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். ஆனால் சிதம்பரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் போனால் தரிசனம் கிடைக்கும், வகுப்பு கிடைக்காது. சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1305 படி ஏறினால் அதுவே ஒரு ஆசனம் என்று என் மாமியார் சொல்வார். 2024-ல் ரோப் கார் வந்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று.

கேரளத்தில் நெய்யாறு அணைக்கட்டு ஓரத்தில் சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1978-ல் தொடங்கிய ஆசிரமம் இருக்கிறது. மதுரை அருகே மீனாட்சி ஆசிரமமும் அவர்களுடையதே. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. விடியற்காலை மணி அடித்ததும் எழுந்து, தியானம், பஜனை, காலையில் ஒரு ஆசன வகுப்பு, மாலையில் ஒன்று. சாப்பாடு காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், இரண்டே வேளை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களும் பால் கொடுக்கிற தாய்மார்களும் இதை டாக்டரிடம் சொல்லி யோசித்துவிட்டுத்தான் போக வேண்டும். கன்னியாகுமரியில் ஏகநாத் ரானடே 1972-ல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்திலும் யோகா முகாம்கள் நடக்கின்றன. பெரிய வளாகம், கடற்காற்று, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்லது. லோனாவாலாவில் 1924-லிருந்து நடக்கும் கைவல்யதாமமும், பீகாரில் முங்கேர் யோகப் பள்ளியும் பெரிய இடங்கள்தான். மொழி, தூரம் இரண்டையும் பார்த்து அவற்றை நான் ஒதுக்கிவிட்டேன்.

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது ஆழியாறு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில், ஆனைமலை அடிவாரத்தில், வேதாத்திரி மகரிஷி 1984-ல் அமைத்த அறிவுத்திருக்கோயில். இதைச் சொன்னதும் நாத்தனார் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது ஏன் தெரியுமா? வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் 1911-ல் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். தானும் தறியில் உட்கார்ந்து நெய்தவர். பிறகு நெசவுத் தொழிலையே பெரிய அளவில் நடத்தியவர். குனிந்து உட்காருகிற உடம்பு எப்படி வலிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல் என்று எல்லாமே வயதானவர்களும் செய்யக்கூடியவை. தலைகீழாக நிற்க வேண்டாம். பாதி நேரம் படுத்தபடியேதான்! எல்லாம் தமிழில். திரும்பி வந்தாலும் விட்டுப்போகாது, மனவளக்கலை மன்றம் இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. அவர் மனைவி லோகாம்பாள் பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாள் என்று கொண்டாடுகிறார்கள். கணவன்மார் எழுந்து நின்று மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பார்க்கிறேன்.

எந்த இடமானாலும் கிளம்புமுன் போன் போட்டுக் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பெண்களுக்குத் தனித் தங்குமிடமா, அறையில் எத்தனை பேர், கமோடு உண்டா, சொல்லிக்கொடுப்பது பெண் ஆசிரியையா, கட்டணத்தில் சாப்பாடு சேர்த்தியா, நடுவில் திரும்ப வேண்டி வந்தால் பணம் என்ன ஆகும், தினம் வீட்டுக்குப் பேச விடுவார்களா. இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாத இடம் வேண்டாம். ஆசிரியர் தொட்டுத் திருத்துவது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் “வாயால் சொல்லுங்க, போதும்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் பேசாதே, மருந்தை நிறுத்து, குருவிடம் எதையும் கேட்காதே என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பெட்டியைக் கட்டுங்கள்.

உடம்பு விஷயத்தில் மறைக்கக் கூடாதவை சில உண்டு. ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகக் கூடாது. கர்ப்பப்பை இறக்கம் இருப்பவர்கள் வயிற்றை அழுத்துகிற பயிற்சிகளையும் கபாலபாதியையும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை பொறுங்கள். கர்ப்பிணிகள் கர்ப்பிணிகளுக்கென்றே உள்ள வகுப்பைத் தவிர வேறெதிலும் சேர வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் எளிதான மூச்சுப்பயிற்சியும் ஓய்வும் போதும், தேதியைக் கணக்குப் பார்த்துக் கிளம்புங்கள். மூக்கில் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்கிற ஜலநேதிக்குக் கொதித்து ஆறின வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. உப்புத்தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கிற சுத்தி முறைகளை இதய நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. பால் மறக்காத குழந்தையை விட்டுவிட்டுப் பத்து நாள் போக வேண்டாம். குழந்தைக்கும் கஷ்டம், உங்களுக்கும் மார்கட்டிக்கொள்ளும். உள்ளூரில் காலை ஒரு மணி நேர வகுப்பு போதும், குழந்தையைப் பாட்டியிடம் விடுங்கள். ஊர்கள் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆழியாறு போகிறவர்கள் காட்பாடியில் இரவு ரயில் பிடித்தால் காலையில் கோவை. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ், அங்கிருந்து வால்பாறை பஸ். தளர்ச்சியான பருத்திச் சுடிதார் மூன்று, ஒரு போர்வை, மாத்திரைச் சீட்டு, கொசுவத்தி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி மூன்றையும் பண்ணி ஜாடியில் வைத்து, அடுப்படியில் எது எங்கே என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாத்தனார் எழுதி ஒட்டியிருந்ததில் கடைசி வரி: “தினம் போன் போட்டு உப்பு எங்கேன்னு கேக்கக் கூடாது.”